ஒரு முழம் குறைந்த சமையலறை

என் ஆயுளில் நான் முப்பத்தொரு விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். வேலைக்குப் பதினான்கு, இடமாற்றத்துக்கு ஒன்பது, குடிநீர்க் குழாய்க்கு ஐந்து, தொலைபேசிக்கு இரண்டு, மேற்படிப்புக்கு ஒன்று. குழாயில் இன்னும் ஒழுங்காகத் தண்ணீர் வரவில்லை. அது வேறு விஷயம். அந்த மேற்படிப்பு விண்ணப்பத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதி வைக்காவிட்டால் என் பிள்ளை அதை இஷ்டத்துக்கு மாற்றிவிடுவான். போன பொங்கலுக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டாரிடம், சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டது நான் என்று சொல்லிவிட்டான். நாலு பேர் சிரித்தார்கள். ஓட்டை போட்டவர் என் அப்பா. நான் அளந்ததோடு சரி.

அறுபதுகளின் தொடக்கம் அது. சென்னையில் ஐந்து வருஷம் கட்டடக்கலை படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு, திருச்சியில் ஓர் அரசாங்கக் கட்டட அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். ஸ்ரீரங்கத்தில் வீடு, தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் போய்வருவேன். சேர்ந்து இருபத்தெட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் நான் வரைந்தவை: கழிப்பறைகள் பதினேழு, சாமான் கிடங்குகள் நாலு, பம்ப் செட்டுக்கு ஒரு கொட்டகை. கழிப்பறையை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. அவசியமான கட்டடம்தான். ஆனால் ஊருக்கு வந்த உறவுக்காரர்கள், "நீ கட்டின கட்டடம் ஒண்ணைக் காட்டேன்" என்று கேட்டால் நான் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது.

அந்த நாளில் ஓய்வு வயது ஐம்பத்தைந்து. இதே வேகத்தில் போனால் ஓய்வு பெறுவதற்குள் இன்னும் எத்தனை வரைவேன் என்று ஒரு நாள் மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருநூற்று இருபத்தொரு கழிப்பறைகள், இருநூற்று இருபத்திரண்டாவதில் பாதிக்குச் சற்று மேல். அன்றைக்கு எனக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை.

அந்த வாரமே, வடக்கே ஒரு கல்லூரியில் கட்டடக்கலையில் இரண்டு வருஷ முதுகலைப் படிப்பு தொடங்குவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. தேசம் முழுவதற்கும் பத்து இடம். வயது வரம்பு இருபத்தைந்து. எனக்கு அப்போது இருபத்துநாலு வருஷம் ஏழு மாதம். அதாவது இந்த ஒரு தடவைதான். அடுத்த வருஷம் அவர்கள் காலில் விழுந்தாலும் ஆகாது.

அரசாங்க ஊழியன் என்பதால் விண்ணப்பம் மேலதிகாரியின் கையெழுத்தோடு போக வேண்டும். எங்கள் இன்ஜினீயர் நல்ல மனுஷர். படிப்பின் மேல் மட்டும் நம்பிக்கை இல்லாதவர்.

"என்னய்யா இது? அஞ்சு வருஷம் படிச்சது பத்தலையா?"

"மேற்படிப்பு சார்."

"கட்டடத்துக்கு மேல என்னய்யா இருக்கு? தளம் போட்டா முடிஞ்சுது. அதுக்கு மேல காக்கா உக்காரும்."

"வீடு எப்படி இருக்கணும், அதுல ஜனங்க எப்படி வாழறாங்க, அதெல்லாம் சொல்லித் தராங்க சார்."

"அதுக்கு டெல்லிப் பக்கம் எதுக்குப் போகணும்? எங்க வீட்டுக்கு வா, நான் காட்டறேன்." கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "கெடைக்கலேன்னா மனசு ஒடிஞ்சு போகாதே. முசிறியில ஒரு கக்கூஸ் பாக்கி இருக்கு. உன் பேரைத்தான் எழுதி வெச்சிருக்கேன்."

அது பதினெட்டாவது.

விண்ணப்பம் ஆறு பக்கம். முதல் நாலு பக்கங்களை ஒரு சாயங்காலத்தில் நிரப்பிவிட்டேன். ஐந்தாம் பக்கத்தில்தான் வந்தது வினை. விண்ணப்பிப்பவர் தாம் வசிக்கும் வீட்டைத் தம் கையாலேயே ஓர் அறை விடாமல் அளந்து, படம் வரைந்து அனுப்ப வேண்டும். அளவெல்லாம் மெட்ரிக்கில் இருக்க வேண்டும். வீட்டின் வெளி அளவும், உள்ளே அறைகளும் சுவர்களும் சேர்ந்த கூட்டுத்தொகையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத படம் பரிசீலிக்கப்படாது. கடைசி வாக்கியத்தின் கீழே கோடு போட்டிருந்தார்கள்.

படம் போய்ச்சேர வேண்டிய நாளுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. தபாலுக்கு ஐந்து நாள் கழித்தால் பதின்மூன்று.

மெட்ரிக் அப்போதுதான் வந்திருந்தது. அலுவலகத்தில் இருந்ததெல்லாம் அடி, அங்குல நாடாக்கள்தான். நூறடித் துணி நாடா ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அடியில் அளந்து, அட்டவணை பார்த்து மீட்டராக மாற்றுவதாகத் திட்டம். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்து வீடுகளைப் போலவே ஒடுக்கமாக, தெருவிலிருந்து கொல்லைவரை ரயில்பெட்டி மாதிரி நீண்டிருக்கும். ரேழி, கூடம், சாமான் அறை, சமையலறை, கொல்லை. பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் ஒரு நடை. மூன்று காலைகளில் சமையலறை தவிர எல்லாவற்றையும் அளந்து முடித்தேன். வீட்டில் அப்பா, அத்தை, நான் என்று மூன்றே பேர். யாரும் குறுக்கே வரவில்லை. நாலாம் நாள் காலை நாடாவோடு சமையலறை வாசலில் போய் நின்றேன்.

அத்தை அப்பாவுக்கு ஐந்து வயது மூத்தவள். என் ஒன்பதாம் வயதில் அம்மா காலமான பிறகு தளிகை உள் அவள் வசம் வந்தது. சமையலறையை எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வோம். விடியுமுன் குளித்து, மடி உடுத்து அவள் உள்ளே போனால், பெருமாளுக்கு அமுது செய்வித்து எங்களுக்குப் பரிமாறி முடியும்வரை அவளை யாரும் தொடக் கூடாது. அவள் தொடும் எதையும் தொடக் கூடாது. அப்பாவுக்கே அந்த அறைக்குள் அனுமதி கிடையாது. அப்பா திருச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டிகளின் சக்கரங்களை நீளச் சுத்தியால் தட்டிப் பார்த்து, எழும் சத்தத்தை வைத்தே விரிசல் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். மசகு பட்ட கை. எனக்கும் அனுமதி கிடையாது. ஹாஸ்டலில் ஐந்து வருஷம் சாப்பிட்டவன். காவிரியையே தலையில் கொட்டிக்கொண்டாலும் அது போகாது என்று அத்தை முன்பே சொல்லியிருந்தாள்.

"கையில என்னடா அது?" என்றாள், அடுப்பைவிட்டுத் திரும்பாமலேயே.

"அளவு நாடா, அத்தை. தளிகை உள்ளை அளக்கணும்."

"உறை என்ன, தோலா?"

"தோல்தான். கழட்டி வெச்சுடறேன்."

"நாடா எங்கெல்லாம் போயிட்டு வந்துது?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "ஆபீஸ் வேலைக்கு" என்றேன். ஆபீஸில் என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன். சொன்னதாவது போகட்டும், பதினேழு என்று எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாம். பழக்க தோஷம்.

அத்தை கரண்டியை வைத்துவிட்டு முழுதாகத் திரும்பினாள். "பதினேழு கக்கூஸை அளந்த நாடாவை எடுத்துண்டு பெருமாளுக்குத் தளிகை ஆற எடத்துக்கு வந்து நிக்கறயா? நகருடா அந்தண்டை. நிழல் படறது."

"அளக்கலேன்னா எனக்கு சீட் கிடைக்காது, அத்தை."

"தோய்ச்சு ஒலர்த்திக் கொண்டா. பார்க்கலாம்."

"துணி நாடா. தோய்ச்சா சுருங்கிடும்."

"சுருங்கினா என்ன, கொஞ்சம் சேர்த்துப் போட்டுக்கோ."

அளவியலில் இதைவிடப் பயங்கரமான வாக்கியத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"உனக்கு அளவுதானே வேணும்? எனக்கென்ன கை இல்லையா? நான் முழம் போட்டுச் சொல்றேன், வெளியிலேர்ந்து எழுதிக்கோ."

தம் கையால் அளக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தது என்னை உறுத்தியது. ஆனால் வேறு வழி இல்லை. மடிப்புடவை சரசரக்க அவள் சுவரோரமாகக் குனிந்து முழம் போடுவது கேட்டது. சற்று நேரத்தில் குரல் வந்தது. "நீளம் பதினோரு முழம் நாலு விரல். அகலம் ஏழு முழம். போறுமா?"

போதாது. அவளுடைய முழம் எத்தனை அங்குலம் என்று தெரிய வேண்டாமா? சத்திரம் பஸ் நிலையத்துப் பூக்காரியின் முழத்துக்கும் கோயில் வாசல் பூக்காரியின் முழத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். கேட்டால், "முழம்னா முழம், அதுல என்னடா அங்குலம்?" என்றாள். மடியில் இருப்பவளின் கையைத் தொட்டு அளக்க முடியாது. சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் அவள் கண்ணயர்ந்திருந்தபோது, அடிக்கோலை அவள் முழங்கையருகே மெல்ல நீட்டினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"என்னடா, எனக்கு ரவிக்கை தைக்கப் போறயா?"

கடைசியில் அவளே வழி சொன்னாள். மறுநாள் காலை தளிகை உள் நிலைப்படியில் கையை நீட்டி வைத்து, முழங்கை முனையிலும் விரல் நுனியிலும் அரிசிமாவால் ஒவ்வொரு கோடு இழுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். நான் இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு, படியில் நாடா படாமல் மேலாகப் பிடித்து அளந்தேன். பதினாறே முக்கால் அங்குலம். நான் எழுந்ததும் படியை இரண்டு தடவை கழுவினாள்.

அன்று சாயங்காலம் கூட்டிப் பார்த்தேன். கூட்டுத்தொகை ஒத்துப்போகவில்லை.

வெளியே நடையில் அளந்த நீளத்தைவிட, உள்ளே அறைகளும் சுவர்களும் சேர்ந்த நீளம் ஓர் அடி நாலே முக்கால் அங்குலம் குறைந்தது. ஏழு தடவை கூட்டினேன். வீட்டில் கனம் தெரியாத சுவர்கள் இரண்டு. சாமான் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே, கதவு இல்லாத சுவர் ஒன்று. அடுத்த வீட்டோடு பொதுவான பக்கச் சுவர் ஒன்று. மற்றவற்றைக் கதவு நிலையில் பார்த்து அளந்துவிடலாம்; எல்லாம் ஒன்றரை அடி. ஆகவே குறைந்த அளவு இந்தக் கதவில்லாத சுவருக்குள்தான் இருக்க வேண்டும். அப்படியானால் அந்தச் சுவர் மூன்று அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

எனக்கு அத்தை மேல் சந்தேகம் வராமல் இல்லை. "சரியா எண்ணினேளா, அத்தை?" என்று வாசலில் நின்று கேட்டேன்.

"பதினொண்ணு வரைக்கும் எண்ணத் தெரியாதவ கையாலதான் இத்தனை வருஷமா சாப்பிடறயா?" என்றாள். ஆனாலும் மறுபடி முழம் போட்டாள். பதினொன்று, நாலு விரல். மூன்றாம் தடவையும் அதே. மூன்று தடவை ஒரே அளவு வந்தால் அது சரியான அளவு என்றுதான் எனக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

வேலையிலிருந்து வந்த அப்பா, நான் காகிதத்தின் மேல் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தார். "ஏண்டா ஒரு மாதிரி இருக்கே?"

"சாமான் உள் சுவர் கிட்டத்தட்ட மூணு அடி கனம் வரது அப்பா. எதுக்கு அத்தனை கனம்னு தெரியல."

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். அந்த வீட்டைக் கட்டியவர் தம் வெள்ளிப் பாத்திரங்களை எங்கோ பத்திரமாக வைத்துவிட்டு, எங்கே என்று சொல்லாமலே போய்விட்டதாக எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்பா அதை நம்புவதில்லை என்று எப்போதும் சொல்லுவார். எப்போதும் சொல்லுவார் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"அகலத்துலயும் அதே அளவு குறையறது" என்றேன். "பக்கத்தாத்துப் பொதுச்சுவர்ல."

"அதே அளவா?"

"மயிரிழை பிசகல."

"அப்போ ஒரே அறைடா அது! இந்தச் சுவர்ல வந்து அந்தச் சுவர்ல திரும்பறது." சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "பொதுச்சுவரை விட்டுடு. அதுல இருக்கறது பாதி பக்கத்தாத்துக்காரனுக்குப் போயிடும். நாம நம்ம சுவரை மட்டும் பார்ப்போம்."

மறுநாள் அவருடைய ரயில்வே சுத்தி வீட்டுக்கு வந்தது. சாமான் அறையில் அரிசி மூட்டைகளை நகர்த்திவிட்டு, காதைச் சுவரில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அடியாகத் தட்டினார். நான் தட்டல்களை எண்ணினேன். நாற்பத்தாறாவது தட்டலில் அவர் முகம் மலர்ந்தது. "கேட்டயா? முப்பது வருஷமா சக்கரம் தட்டறேன். இது வெத்துச் சத்தம்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை, "என்னது அது, டொக்கு டொக்குனு?" என்றாள்.

"பல்லி, அக்கா."

"பல்லி பூட்ஸ் போட்டுண்டிருக்கோ?"

பதின்மூன்றாம் நாள் வந்துவிட்டது. நான் அந்தச் சுவரையும் பொதுச்சுவரையும் எண்பத்தெட்டு சென்டிமீட்டர் கனமாக வரைந்து, கூட்டுத்தொகையைச் சரிக்கட்டி, சாமான் அறைச் சுவரின் நடுவே 'உட்புறம் அறியப்படவில்லை' என்று பொடி எழுத்தில் குறித்தேன். தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாகச் சேர்த்தேன். ரசீதை மூன்று தடவை படித்தேன். அதில் சுவரைப் பற்றி ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சாமான் அறைச் சுவரில் வேலையைத் தொடங்கினார். மூன்று அடிச் சுவர், ஓர் அடி உள்ளே போனால் அறை, அதற்கு அப்பால் இன்னும் ஓர் அடிச் சுவர் இருப்பதால் அக்காவின் பக்கம் ஒன்றும் ஆகாது. என் படத்தை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஓர் அடி போனார்; செங்கல். ஒன்றே கால் அடி போனார், செங்கல். "பழைய காலத்து வேலை, கெட்டியாத்தான் இருக்கும்" என்று சொல்லிச் சுத்தியை ஓங்கிப் போட்டார். எதிர்ப்பக்கம் ஒரு செங்கல் கழன்று விழுந்தது. விழுந்த சத்தம் டொக் இல்லை, தொபுக். பெருமாளுக்காகக் கொதித்துக்கொண்டிருந்த சாத்தமுதுக்குள், அதாவது ரசத்துக்குள், விழுந்திருந்தது.

அப்பா சுத்தியை மெல்லக் கீழே வைத்தார்.

"யாரது?" என்றது அத்தையின் குரல், ஓட்டை வழியாக.

"நான்தான், அக்கா."

"நீயா? சுவத்துக்குள்ள என்னடா பண்றே?"

"ஒண்ணுமில்ல அக்கா... வெள்ளிப் பாத்திரம்..."

"உனக்கு வெள்ளித் தட்டு வேணும்னா கேக்கக் கூடாதா? அதுக்கு இடிச்சுண்டா வருவா?" பிறகு, "அந்தச் சுத்தியல் ரயிலைத் தொட்டதுதானே?" என்று கேட்டாள். அத்தை எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி குளிக்கப் போனாள். ரசம், குழம்பு, இரண்டு கறி. எண்ணிக்கொண்டுதான் நின்றேன்.

ஆனால் அந்த ஓட்டை ஒரு நன்மை செய்தது. ஒரு குச்சியை விட்டுச் சுவரின் கனத்தை அளந்தேன். ஒன்றரை அடி. மற்ற சுவர்களைப் போல ஒரு சாதாரணச் சுவர். அப்படியானால் குறைந்த அந்த ஓர் அடி நாலே முக்கால் அங்குலம் எங்கே? கூடத்தில் பசியோடு உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அடி நாலே முக்கால் என்றால் பதினாறே முக்கால் அங்குலம். பதினாறே முக்காலை நான் வேறெங்கோ எழுதியிருக்கிறேனே?

எழுதியிருந்தேன், நிலைப்படியில் அத்தையின் முழத்தை அளந்தபோது. ஒன்றை அடியாகவும் மற்றொன்றை அங்குலமாகவும் எழுதி, உடனே இரண்டையும் சென்டிமீட்டராக வெவ்வேறு காகிதங்களில் மாற்றிவிட்டதால் அவை ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மெட்ரிக் மேல் அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. நீளத்தில் சரியாக ஒரு முழம் குறைகிறது. அகலத்திலும் சரியாக ஒரு முழம். அத்தை இரண்டிலும், மூன்று தடவையும், ஒரு முழம் தவறவிட்டிருக்கிறாள். எப்படி?

உள்ளே இரண்டாம் தளிகைக்கு அத்தை ஆழாக்கில் அரிசி அளந்துகொண்டிருந்தாள். அரிசி கொட்டும் சத்தம் கேட்டது, ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கொட்டும் சத்தம், "ஒண்ணு." மறுபடி, "ரெண்டு." மறுபடி, "மூணு." என் காதில் நாலு விழுந்தது, அவள் வாயில் மூன்று வந்தது. ஹாஸ்டல் ஐந்து வருஷம் போக, பத்து வருஷமாக இதைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் இதை எண்ணவில்லை.

"அத்தை, முதல் ஆழாக்கு எங்க போச்சு?"

"எங்க போகும்? பெருமாள் பானையில. முதல் அளவு அவனுக்குன்னு எடுத்து வெச்சுட்டு அப்பறம்தானே நமக்கு எண்ணறது?"

"முழம் போட்டேளே, அதுலயுமா?"

"பின்னே? எதை அளந்தாலும் முதல் அளவு அவனோடது. அதை எப்படி நான் உன் கணக்குல சேர்ப்பேன்? இதுகூடத் தெரியாமத்தான் அஞ்சு வருஷம் கட்டடம் படிச்சயா?"

அன்று மத்தியானம் மூன்றே காலுக்குச் சாப்பிட்டோம். அப்பாவின் இலையில் மட்டும் அப்பளம் விழவில்லை.

கல்லூரிக்குத் திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலு எழுதினேன். 'என் அத்தை கடவுளுக்கு ஒரு முழம் விட்டுவிட்டார், ஆகையால் சுவரின் கனத்தைக் குறைத்துக்கொள்ளவும்' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும், எழுதியவனை உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்றுதான் தோன்றியது. நாலையும் கிழித்தேன். அதற்குள் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. அழைக்கப்பட்டவர்கள் நாற்பது பேர்.

அப்பாவின் ரயில்வே பாஸில் போனேன். வழி நெடுகத் தூக்கமில்லை. பெட்டிக்குக் கீழே யாராவது சக்கரத்தைத் தட்டும்போதெல்லாம் அந்தச் சுவர் நினைவுக்கு வந்தது. வண்டி நின்ற இடங்களில் மொத்தம் பதினொரு தடவை தட்டினார்கள்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் படம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். நடுவில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகச் சுவரின் மேல் விரலை வைத்தார்.

"இது வீடா, கோட்டையா?"

"வீடுதான், ஐயா. அந்தச் சுவர் தவறு. அது சுவர் இல்லை."

"பிறகு என்ன?"

"அது கடவுளின் பங்கு."

இடப்பக்கம் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இனி மறைத்துப் பயனில்லை. தோல் உறை, பதினேழு கழிப்பறை, ஹாஸ்டல் சாப்பாடு, அரிசிமாக் கோடு, சாத்தமுதில் விழுந்த செங்கல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இடப்பக்கத்துக்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை.

"உங்கள் கையால் அளக்க வேண்டும் என்று போட்டிருந்தோமே?"

"என் கைக்கு அந்த அறையில் அனுமதி இல்லை, ஐயா. அனுமதி உள்ள கை அந்த வீட்டில் ஒன்றுதான்."

அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாமவர், வயதானவர், திரும்பி, "உங்கள் அத்தையின் முழம் எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டார்.

"நாற்பத்திரண்டரை, ஐயா. அதற்கு மேல் அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக."

அவர் ஒரு பென்சிலையும் ரப்பரையும் என் பக்கம் தள்ளினார். "திருத்துங்கள்."

நின்றபடியே திருத்தினேன். இரண்டு சுவர்களும் மெலிந்தன. சமையலறை நீளத்தில் ஒரு முழம், அகலத்தில் ஒரு முழம் வளர்ந்து தன் அளவுக்கு வந்தது. கூட்டுத்தொகை ஒத்துப்போயிற்று. 'உட்புறம் அறியப்படவில்லை' என்பதை அழிக்கப் போனேன். பெரியவர், "அது இருக்கட்டும்" என்றார். நடுவில் இருந்தவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

ஊர் திரும்பி, முசிறிக் கழிப்பறையை வரைந்தேன். பதினெட்டு.

முடிவு ஒரு தட்டச்சுத் தாளாக வந்தது. பெயர்கள் தேர்ச்சி வரிசையில் இருந்தன. இடம் பத்து. என் பெயருக்கு எதிரே இருந்த எண் பதினொன்று. பத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, 'காத்திருப்போர்' என்று எழுதி, அதற்கும் கீழே நான். கூடத்தில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, என் முதுகை இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ.

"எத்தனை பேருடா எடுக்கறா?" என்றாள் அத்தை உள்ளேயிருந்து.

"பத்து."

"நீ எத்தனையாவது?"

"பதினொண்ணு."

"முதலாவதைப் பெருமாளுக்கு விட்டுட்டு எண்ணு."

"அத்தை, அவாள்ளாம் அப்படி எண்ண மாட்டா."

"எண்ணுவா" என்றாள். குழம்புக்குத் தாளிக்கும் சத்தம் கேட்டது.

இருபத்திரண்டு நாள் கழித்துத் தந்தி வந்தது. பட்டியலில் முதலாவதாக இருந்தவருக்கு வெளிநாட்டில் எங்கோ இடம் கிடைத்துவிட்டதாம், அவர் சேரவில்லை. என்னை உடனே புறப்பட்டு வரச் சொல்லியிருந்தார்கள். இன்ஜினீயரிடம் விடுவிப்பு உத்தரவு வாங்கப் போனேன். பத்தொன்பதாவதை வேறு யாரிடம் கொடுப்பது என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

கல்லூரியில் வருகைப் பதிவேட்டைப் பழைய பட்டியல்படி முன்னதாகவே எழுதி முடித்திருந்தார்கள். முதல் பெயரை அடித்துவிட்டு, பதினொன்றாவதாக என் பெயரைச் சேர்த்திருந்தார்கள். எண்களை யாரும் மாற்றவில்லை. நான் மாற்றச் சொல்லிக் கேட்கலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். வகுப்பில் பத்துப் பேர் இருக்கும்போது என் எண் பதினொன்று என்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. கேட்கவில்லை. இரண்டு வருஷமும் தினமும் காலையில் ஆசிரியர் பதிவேட்டைத் திறந்து, முதல் வரியில் ஒரு கணம் தயங்கி, ஒன்றும் சொல்லாமல் இரண்டிலிருந்து கூப்பிட ஆரம்பிப்பார். அந்த முதல் எண் யாருடையது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் யாரிடமும் நான் சொன்னதில்லை.